ஓட்டுநர் இருக்கை எப்போது காலியாகும்? டெஸ்லா பங்கைச் சுற்றிய கவலைகள்: ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள அக்காள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா பற்றிய பேச்சு எழாத வாரம் குறைவு. அக்காள் மகன் தேசிய சேவையை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கைப்பேசிச் செயலி வழியாக அந்த நிறுவனத்தின் பங்குகள் சிலவற்றை வாங்கிவிட்டான். அத்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டாக்சி ஓட்டுகிறார். ஓட்டுநரே தேவைப்படாத டாக்சி வரும் என்ற நம்பிக்கையில் மகன் பணம் போட்டிருக்கிறான்; அந்த மகனைப் படிக்க வைத்தது ஓட்டுநராக இருந்து தகப்பன் சம்பாதித்த பணம். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்பதால் இந்தப் பேச்சு எனக்கு வெறும் பொருளாதாரச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

அண்மையில் அவன் என்னைக் கேட்டான்: “மாமா, கார் நல்லாத்தானே ஓடுது, கம்பெனிக்கு லாபமும் வருது. அப்புறம் ஏன் ஷேர் விலை இப்படி ஆடுது?”

நல்ல கேள்வி. பலர் இதற்குப் பாதி விடையை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒரு சாரார் அந்த நிறுவனம் மூழ்கப் போகிறது என்கிறார்கள்; மறு சாரார் கார் ஏற்கெனவே தானாக ஓடுகிறது, இனி பணம் கொட்டும் என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. முதலீட்டாளர்கள் உண்மையில் எதை எண்ணிக் கவலைப்படுகிறார்கள், அந்தக் கவலையின் உள்ளே இருக்கும் கணக்கு என்ன என்பதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன். பங்கை வாங்கச் சொல்வதோ விற்கச் சொல்வதோ என் நோக்கமன்று.

பங்கு விலை எதற்குக் கொடுக்கும் விலை?

தேக்காவில் ஒரு மளிகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம், சரக்கு எல்லாம் போக அது ஆண்டுக்கு 60,000 வெள்ளி லாபம் தருகிறது. உரிமையாளர் கடையை 600,000 வெள்ளிக்கு விற்கிறார் என்றால், வாங்குபவர் பத்து ஆண்டு லாபத்தை முன்கூட்டியே கொடுக்கிறார் என்று பொருள். பக்கத்துத் தெருவில் அதே அளவு லாபம் தரும் இன்னொரு கடை இருக்கிறது. அதன் உரிமையாளரோ 12 மில்லியன் வெள்ளி கேட்கிறார். ஏன் என்றால், கடை வாசலிலேயே புதிய எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நுழைவாயில் வரப்போகிறது, கூட்டம் பல மடங்கு பெருகும் என்கிறார். அந்த விலைக்கு ஒருவர் வாங்கினால் அவர் கொடுத்த பணத்தில் மிகப் பெரும் பகுதி வரப்போகும் நிலையத்திற்கான விலை. அரிசிக்கும் பருப்புக்கும் உரிய பங்கு அதில் சிறியதே.

இப்போது, நிலையம் ஐந்து ஆண்டு தள்ளிப்போகிறது என்று அறிவிப்பு வருகிறது. கடையில் வியாபாரம் நேற்றுப் போலவே நடக்கிறது, லாபம் அதே 60,000 வெள்ளிதான். ஆனாலும் அந்தக் கடையை இனி 12 மில்லியனுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். கார் நன்றாக ஓடும்போதே பங்கு விலை இறங்குவது இப்படித்தான்.

பங்கின் விலையை, அந்தப் பங்கு ஒன்றுக்கு ஓராண்டில் கிடைக்கும் லாபத்தால் வகுத்தால் வருவதை விலை–வருவாய் விகிதம் என்பார்கள். முதல் கடைக்கு அது 10. இரண்டாவது கடைக்கு 200. பழைய பெரிய கார் நிறுவனங்களுக்கு இந்த விகிதம் பெரும்பாலும் 10-ஐ ஒட்டியே இருக்கும். டெஸ்லாவுக்கு 2025-இன் பிற்பாதியில் அது 200-ஐத் தாண்டியிருந்தது. ஆண்டுக்குப் பத்து மில்லியனுக்கும் மேற்பட்ட வாகனங்களை விற்கும் டொயோட்டா குழுமத்தைவிட, இரண்டு மில்லியனைக்கூட எட்டாத டெஸ்லாவின் சந்தை மதிப்பு, அதாவது அதன் எல்லாப் பங்குகளையும் சேர்த்த விலை, பல மடங்கு அதிகம். ஆகவே டெஸ்லா இரண்டாவது கடை. அதன் பங்கை வாங்குபவர் வரப்போகும் நிலையத்திற்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

பங்கே வாங்காதவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2020 டிசம்பரில் டெஸ்லா எஸ்&பி 500 குறியீட்டில் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைத் தொகுத்துக் காட்டும் அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் மாதம் 100 வெள்ளி போடும் ஒருவரும், அறிந்தோ அறியாமலோ, டெஸ்லாவில் சிறு பங்காளிதான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: பங்கு விலை எதிர்காலத்திற்கும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதோ, அது தள்ளிப்போகும்போது விழும் அடியும் அவ்வளவு பெரிது.

முதல் எதிர்பார்ப்பு: விற்பனை வளர்ந்துகொண்டே இருக்கும்

டெஸ்லா தந்த எதிர்பார்ப்புகள் இரண்டு. முதலாவது, கார் விற்பனை ஆண்டுதோறும் வேகமாக வளரும் என்பது. 2020-இல் ஏறத்தாழ அரை மில்லியன் கார்களை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்த நிறுவனம், 2021-இல் சுமார் 936,000, 2022-இல் 1.31 மில்லியன், 2023-இல் 1.81 மில்லியன் என்று ஏறியது. பல ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 50 விழுக்காடு வளர்ச்சி இருக்கும் என்று 2021-இன் தொடக்கத்தில் நிறுவனமே சொல்லியிருந்தது.

ஐம்பது விழுக்காடு என்பது கேட்பதற்குச் சாதாரண எண். கூட்டு வட்டி போட்டுப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். 2021-இன் எண்ணிக்கையில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் பாதி கூட்டிக்கொண்டே போனால் 2025-இல் 4.7 மில்லியன் கார்கள் விற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2024-இல் எண்ணிக்கை 1.79 மில்லியனாகச் சற்றுக் குறைந்தது. பத்தாண்டுக்கும் மேலான காலத்தில் நிறுவனம் கண்ட முதல் ஆண்டுச் சரிவு அது. 2025-இல் அது மேலும் இறங்கிச் சுமார் 1.64 மில்லியனில் நின்றது. அதே ஆண்டில் சீனாவின் பிஒய்டி, முழுக்க மின்சாரத்தில் ஓடும் கார்களை மட்டும் கணக்கிட்டாலே, 2.26 மில்லியன் அளவுக்கு விற்று முதலிடத்தைப் பிடித்தது.

காரணங்கள் பல. அதிகம் விற்கும் மாடல் 3 2017-இலும் மாடல் ஒய் 2020-இலும் சந்தைக்கு வந்தவை. இடையில் மெருகேற்றினாலும் அடிப்படையில் பழையவை. 2023 நவம்பரில் வெளிவந்த சைபர்டிரக் பெருவாரியாக விற்கும் வண்டியாக அமையவில்லை. அமெரிக்காவில் மின்சாரக் கார் வாங்குவோருக்குக் கிடைத்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. தலைமை நிர்வாகி எலான் மஸ்க் அரசியலில் இறங்கியது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்குவோர் சிலரை விலக்கியது.

நம் ஊர்ச் சாலையிலேயே இந்தக் கதையைப் பார்க்கலாம். 2021-இல் டெஸ்லா இங்கு விற்பனையைத் தொடங்கியபோது மின்சாரக் கார் என்றாலே பலருக்கு அந்தப் பெயர்தான். 2024-இல் சிங்கப்பூரில் மிக அதிகமாக விற்ற கார், டொயோட்டாவையும் முந்திய பிஒய்டி. இங்கே மின்சாரக் காரின் ஆற்றல் 110 கிலோவாட்டுக்குள் இருந்தால்தான், கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழுக்குச் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவில் ஏலம் கேட்க முடியும். டெஸ்லாவும் அந்த வரம்புக்குள் அடங்குமாறு ஆற்றலைக் குறைத்த மாடல் 3 காரை 2024-இல் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் நிறுவனத்தைத் தேடி வந்த காலம் போய், நிறுவனம் வாடிக்கையாளரைத் தேடிப்போகும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

விலையைக் கொஞ்சம் குறைத்தால் லாபம் ஏன் நிறையக் குறைகிறது?

போட்டி கூடியதும் 2023-இலிருந்து டெஸ்லா பலமுறை விலையைக் குறைத்தது. விலைக் குறைப்பின் விளைவைப் புரிந்துகொள்ளப் பரோட்டாக் கடைக் கணக்கு போதும். ஒரு பரோட்டா 1.50 வெள்ளி. மாவு, நெய், எரிவாயு எல்லாம் சேர்ந்து 90 காசு. கையில் நிற்பது 60 காசு. எதிர்க் கடையின் போட்டியால் விலையை 1.30 வெள்ளியாக்கினால் வாடிக்கையாளருக்கு மிச்சமாவது 20 காசுதான். கடைக்காரருக்கோ கையில் நின்ற 60 காசு 40 காசாகிறது. விலை ஏழில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, ஆனால் கையில் நின்றதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கடை வாடகை மட்டும் மாறவில்லை.

விற்ற பணத்தில் தயாரிப்புச் செலவு போக எத்தனை விழுக்காடு நிற்கிறது என்பதுதான் மொத்த லாப விகிதம். டெஸ்லாவில் அது 2022-இல் 25.6 விழுக்காடு, 2024-இல் 17.9 விழுக்காடு.

இன்னொரு வருமானமும் ஆட்டம் காண்கிறது. புகை அதிகம் கக்கும் வாகனங்களை விற்கும் மற்ற நிறுவனங்கள் அரசு விதித்த வரம்பைத் தாண்டும்போது, வரம்புக்குள் இருக்கும் டெஸ்லாவிடமிருந்து அதன் மீதப் புள்ளிகளைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இவற்றை ஒழுங்குமுறைப் புள்ளிகள் என்போம். இவற்றை உருவாக்க டெஸ்லாவுக்குத் தனிச் செலவு கிடையாது என்பதால் வருவது அத்தனையும் ஏறத்தாழ லாபம். 2024-இல் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 7.1 பில்லியன் டாலர்; அதே ஆண்டில் இந்தப் புள்ளிகளை விற்று வந்த தொகை 2.76 பில்லியன் டாலர். 2025 ஜூலையில் அமெரிக்கா இயற்றிய சட்டம் வரம்பைத் தாண்டுவோருக்கான எரிபொருள் சிக்கன அபராதத்தை நீக்கிவிட்டது. அபராதம் இல்லை என்றால் புள்ளியை யார் வாங்குவார்?

இதனால் நிறுவனம் மூழ்குகிறது என்று முடிவு கட்டுவது தவறு. 2024-இன் முடிவில் அதனிடம் ரொக்கமும் குறுகிய கால முதலீடுமாக 36 பில்லியன் டாலருக்கு மேல் இருந்தது. மின்நிலையங்களுக்கான பெரிய மின்கலத் தொகுதிகளை விற்கும் பிரிவு அந்த ஆண்டில் நிறுவிய மின்கலங்களின் கொள்ளளவு முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கும் மேல். லாபம் தரும் நல்ல கார் நிறுவனம் என்பதில் ஐயமில்லை. நல்ல கார் நிறுவனத்தின் விலைக்கு அது விற்கப்படவில்லை என்பதுதான் சிக்கல்.

முதல் எதிர்பார்ப்பின் சாரம்: விற்கும் கார்களின் எண்ணிக்கையும், ஒரு காரில் நிற்கும் லாபமும் குறைந்துள்ளன. எனவே அந்தப் பெரிய விலையைத் தாங்கும் பாரம் முழுவதும் இரண்டாவது எதிர்பார்ப்பின் மேல் ஏறிவிட்டது.

இரண்டாவது எதிர்பார்ப்பு: கார் தானாக ஓடும்

‘தானாக ஓடும்’ என்ற சொல்தான் பெரிய குழப்பத்தின் ஊற்று. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-இல் இதற்கு 0 முதல் 5 வரை படிநிலைகளை வகுத்தது. ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டாவது படிக்கும் நான்காவது படிக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் போதும்.

ஓட்டுநர் பயிற்சி நிலையத்தின் காரை நினைத்துப் பாருங்கள். மாணவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார், சமிக்ஞை போடுகிறார், தடம் மாறுகிறார். பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் கால் வைக்கும் இடத்தில் இன்னொரு பிரேக் இருக்கிறது. மாணவர் அரை மணி நேரம் ஒரு பிழையும் செய்யாமல் ஓட்டினாலும் பயிற்றுநர் கண்ணை மூட முடியாது. இரண்டாவது படியில் கார்தான் மாணவர். ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் நீங்கள் பயிற்றுநர். எல்லா வேலையையும் கார் செய்வதுபோல் தோன்றும். பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

நான்காவது படிக்கு உதாரணம் நம் காலடியிலேயே ஓடுகிறது. 2003-இல் திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதை ரயிலில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்க்கும் குழந்தைகளுக்கு அது தெரியும். கண்காணிக்கும்படி எந்தப் பயணியிடமும் கேட்பதில்லை. ஏதேனும் கோளாறு என்றால் பொறுப்பு ரயிலை இயக்கும் நிறுவனத்தினுடையது. ஆனால் அந்த ரயில் தண்டவாளத்தை விட்டு வேறெங்கும் போகாது. தண்டவாளத்தில் யாரும் குறுக்கே வராதபடி நடைமேடையில் கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. இப்படி எந்த இடத்தில், எந்த நிலையில் மட்டும் இயங்கலாம் என்று வகுக்கப்பட்ட எல்லையை இயக்க வரம்பு என்போம். நான்காவது படியில் உள்ள கார், தன் இயக்க வரம்புக்குள் மனிதரை நம்பாமல் ஓடும், வரம்பைத் தாண்டாது. எங்கும் எப்போதும் தானே ஓடும் ஐந்தாவது படிக் கார் உலகில் இன்னும் இல்லை.

டெஸ்லா தன் மென்பொருளுக்கு ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’, அதாவது முழுச் சுய ஓட்டம் என்று பெயரிட்டது, சுருக்கமாக எஃப்எஸ்டி. வாடிக்கையாளர் வாங்கிய கார்களில் அது இயங்குவது இரண்டாவது படியில். 2024-இல் அந்தப் பெயருடன் ‘சூப்பர்வைஸ்ட்’, அதாவது ‘கண்காணிப்புடன்’ என்ற சொல்லை நிறுவனமே சேர்த்தது. என் கணிப்பில் இந்தத் துறையின் மொத்தப் பணமும் அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிறது. கண்காணிப்பு தேவைப்படும் வரை எஃப்எஸ்டி என்பது அமெரிக்காவில் மாதம் 99 டாலருக்கு விற்ற ஒரு வசதி. கண்காணிப்பு தேவையில்லை என்று நிறுவனம் அறிவித்துப் பொறுப்பையும் தானே ஏற்றால், அதே கார் இரவு பகலாகக் கட்டணம் வசூலிக்கும் டாக்சி ஆகிறது. 12 மில்லியன் வெள்ளிக் கடையின் வாசலில் வரவேண்டிய எம்ஆர்டி நிலையம் இதுவே.

பொறுப்பு என்பது வெறும் சொல்லன்று. 2019-இல் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட் என்ற எளிய உதவி மென்பொருள் இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லா கார் மோதி ஒரு பெண் இறந்தார், உடனிருந்தவர் படுகாயமடைந்தார். ஓட்டுநர் சாலையைக் கவனிக்கவில்லை என்பது தெளிவு. இருந்தும் 2025 ஆகஸ்ட்டில் நடுவர் குழு, பொறுப்பில் மூன்றில் ஒரு பங்கை நிறுவனத்தின் மேல் வைத்து 243 மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் அறிவித்தது. மனிதர் முழுப் பொறுப்பில் இருக்கும் இரண்டாவது படியிலேயே இப்படி என்றால், நான்காவது படியில் நிறுவனம் தோளில் ஏற்றும் சுமை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தது ஏன் சான்றாகாது?

“அமெரிக்காவுல என் நண்பன் ஒரு மாசமா ஸ்டியரிங்கைத் தொடாம ஆபீஸ் போறான், மாமா” என்று அக்காள் மகன் சொன்னான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். 2023-இல் அமெரிக்கச் சாலைகளில் மனிதர்கள் ஓட்டிய ஒவ்வொரு 100 மில்லியன் மைலுக்கும் ஏறத்தாழ 1.26 பேர் விபத்தில் இறந்தனர். அதாவது சுமார் 128 மில்லியன் கிலோமீட்டருக்கு ஓர் இறப்பு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் அந்தத் தூரத்தைக் கடக்க எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாம் திட்டித் தீர்க்கும் மனித ஓட்டுநர்கள் உண்மையில் அவ்வளவு திறமையானவர்கள். அவர்களை எந்திரம் மிஞ்சுகிறதா என்பதை ஒரு மாத அனுபவம் சொல்லாது.

கடினம் இருப்பது அன்றாட ஓட்டத்தில் இல்லை. அபூர்வமாக வரும் காட்சிகளில்தான் இருக்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை நோக்கி ஊர்வலம் போகிறது. சாலையின் ஒரு பக்கம் தடுப்பு, மறுபக்கம் வாகனங்கள். மயிற்பீலி வைத்த, ஓர் ஆளைவிட உயரமான அலகுக் காவடி மெல்லச் சுழன்று ஆடுகிறது. பக்கத்தில் பால்குடம் சுமந்த பெண், அவர் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. ஒரு தொண்டூழியர் கையை உயர்த்தி, காரை நிறுத்தச் சொல்கிறாரா போகச் சொல்கிறாரா என்று தெளிவாகத் தெரியாத ஒரு சைகை காட்டுகிறார். டாக்சி ஓட்டும் அத்தான் அந்தச் சைகையைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. நாள் என்ன என்பதே அவருக்குப் போதும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரச் சாலைகளைப் பார்த்துப் பழகிய ஒரு மென்பொருளுக்கு அந்தக் காவடி மனிதரா, மரமா, கூடாரமா?

இந்த மென்பொருள்கள் கற்கும் முறையே இதற்குக் காரணம். ‘சிவப்பு விளக்கு என்றால் நில்’ என்று ஒவ்வொரு விதியையும் எழுதிக் கொடுக்காமல், மனிதர்கள் ஓட்டிய ஏராளமான காணொளிகளைக் காட்டி, எந்தக் காட்சிக்கு எந்தச் செயல் என்பதை எந்திரமே தேர்ந்துகொள்ளும்படி பயிற்றுவிக்கிறார்கள். இப்படிக் கற்கும் மென்பொருளை நரம்பியல் வலைப்பின்னல் என்பார்கள். நிறையப் பார்த்ததில் அது மிகத் தேர்ச்சி பெறும். பார்க்காததில் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

கேமரா மட்டும் போதுமா?

கார் சாலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் துறை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கூகலின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் குழுமத்தின் ஓட்டுநரில்லா டாக்சி நிறுவனம் வேமோ, கேமராவுடன் ரேடாரையும் லைடாரையும் பொருத்துகிறது. லைடார் என்பது ஒளித் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் கருவி. இருட்டில்கூட எதிரே இருப்பது எவ்வளவு தொலைவில் என்று துல்லியமாகச் சொல்லும். டெஸ்லா 2021-இலிருந்து ரேடாரையும் கைவிட்டு, கேமராக்களை நம்பும் வழிக்கு வந்தது. மனிதர் இரண்டு கண்ணால் பார்த்துத்தானே ஓட்டுகிறார், எந்திரத்துக்கும் கண் போதும் என்பது மஸ்க்கின் வாதம்.

அதில் வணிக நியாயம் இருக்கிறது. கேமரா மலிவு, ஏற்கெனவே சாலையில் ஓடும் பல மில்லியன் கார்களில் அது இருக்கிறது. மென்பொருள் தேறிவிட்டால் ஒரே இரவில் அத்தனை கார்களும் தேறிவிடும். இதுவே டெஸ்லாவை நம்புவோரின் வலுவான வாதம். ஆனால் எதிர்வெயில், தூசி, மூடுபனி ஆகியவற்றில் கேமரா திணறும். பார்வை மங்கும் சூழலில் நடந்த விபத்துகளை முன்னிட்டு 2024 அக்டோபரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஏறத்தாழ 2.4 மில்லியன் டெஸ்லா கார்களை உள்ளடக்கிய விசாரணையைத் தொடங்கியது. விரைவுச்சாலையில் நம் ஊர் மழை கொட்டும்போது, முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்புக் கறையாகத் தெரியும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் எனக்கு அந்தக் கவலை நியாயமாகவே படுகிறது.

தவறிய தேதிகள்

தயாரிக்கும் எல்லாக் கார்களிலும் முழுச் சுய ஓட்டத்துக்கான கருவிகள் இருக்கின்றன என்று 2016 அக்டோபரில் டெஸ்லா அறிவித்தது. 2017-க்குள் ஒரு கார் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து நியூயார்க் வரை தானே ஓடிக் காட்டும் என்றும் மஸ்க் சொன்னார். நடக்கவில்லை. 2020-இல் ஒரு மில்லியன் ஓட்டுநரில்லா டாக்சிகள் சாலையில் இருக்கும் என்று 2019 ஏப்ரலில் சொன்னார். அதுவும் நடக்கவில்லை. பழைய கணினி பொருத்தப்பட்ட கார்களுக்கு, எஃப்எஸ்டி வாங்கியவர்களுக்காக அந்தக் கணினியையே மாற்ற வேண்டிவரும் என்று 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். சாதாரண 25,000 டாலர் காரைத் தயாரிப்பதில் பொருளில்லை என்று 2024 அக்டோபரில் அவர் சொன்னதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்: விற்பனையை உயர்த்தக்கூடிய மலிவுக் காரைத் தள்ளிவைத்து, ஸ்டியரிங்கே இல்லாத ‘சைபர்கேப்’ என்ற டாக்சியின் மேல் நிறுவனம் பந்தயம் கட்டியது. முதல் எதிர்பார்ப்பில் ஒரு பகுதியை இரண்டாவதற்காக விட்டுக்கொடுத்தார்கள். அந்த வாகனத்தை அறிமுகப்படுத்திய மறுநாள் பங்கு 9 விழுக்காடு அளவுக்கு விழுந்தது.

இது டெஸ்லாவுக்கு மட்டும் உரிய சறுக்கல் அன்று. ஜெனரல் மோட்டார்ஸ் தன் குரூஸ் நிறுவனத்தில் 10 பில்லியன் டாலருக்கு மேல் கொட்டி, 2024 டிசம்பரில் ஓட்டுநரில்லா டாக்சி முயற்சியைக் கைவிட்டது. வேமோ 2009-இல் கூகலின் திட்டமாகத் தொடங்கி, 2025 ஏப்ரலில்தான் வாரத்துக்கு 250,000 கட்டணப் பயணங்களை எட்டியது. அதுவும் சில நகரங்களுக்குள் மட்டும்.

டெஸ்லாவின் டாக்சிச் சேவை 2025 ஜூன் 22 அன்று டெக்சாஸின் ஆஸ்டினில் சிறிய அளவில் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. பக்கத்து இருக்கையில் நிறுவனத்தின் கண்காணிப்பாளர் அமர்ந்திருந்தார். பயிற்றுநர் அப்போது இறங்கியிருக்கவில்லை.

இதன் சாரம்: முதலீட்டாளர் கேட்பது ‘கார் ஓடுமா?’ என்பதை அல்ல. ‘நிறுவனம் பொறுப்பேற்கும் அளவுக்கு எப்போது ஓடும், அதற்குள் வேமோவும் சீன நிறுவனங்களும் எவ்வளவு தூரம் போயிருக்கும்?’ என்பதே கேள்வி.

டாக்சியில் ஓட்டுவது பாதி வேலை

தொழில்நுட்பம் தேறினாலும் லாபம் தானாக வந்துவிடாது. இதை எனக்கு விளக்கியவர் எந்த ஆய்வாளரும் அல்லர், அத்தான்தான். “ஓட்டுறது பாதி வேலைதாம்பா. மீதிப் பாதியை யாரு செய்வா?” என்றார். நள்ளிரவில் யாரோ வாந்தி எடுத்த இருக்கையை அவர் துடைக்கிறார். இரண்டு நாள் வாடை போகாமல் வண்டியைத் திறந்து போட்டிருக்கிறார். பலதுறை மருந்தகத்தின் வாசலில் ஒரு பாட்டியின் சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைக்கிறார். மறந்துபோன குடையைத் திருப்பிக் கொடுக்கிறார். ஓட்டுநர் இல்லாத டாக்சியில் சுத்தம் செய்யவும், மின்னேற்றவும், வழியில் நின்றுபோனால் மீட்கவும், தொலைவிலிருந்து உதவவும் ஆள் வேண்டும். காப்புறுதியும் வண்டி நிறுத்தும் இடமும் வேண்டும். ஓட்டுநர் சம்பளம் மிச்சமாகும், ஆனால் அதில் ஒரு பகுதி இவற்றுக்குப் போகும். பெரும்பகுதியா சிறுபகுதியா என்பதில்தான் ஆய்வாளர்களின் கணக்குகள் வானத்துக்கும் பூமிக்குமாக வேறுபடுகின்றன.

நம் அரசாங்கம் இதை அணுகும் விதம் கவனிக்கத்தக்கது. 2016-இலேயே ஒன்-நார்த் வட்டாரத்தில் நூடோனமி நிறுவனம் பொதுமக்களை ஏற்றி ஓட்டுநரில்லா டாக்சிச் சோதனையைத் தொடங்கியது. உள்ளே பாதுகாப்புக்கு ஒரு பொறியாளர் இருந்தார். 2025 செப்டம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் பொங்கோலில் குறிப்பிட்ட வழித்தடங்களில் தானியங்கி வாகனச் சேவை நடத்த, சீனாவின் வீரைடுடன் சேர்ந்த கிராப் என்ற வாடகைக் கார்ச் செயலி நிறுவனத்தையும், சீனாவின் போனி.ஏஐ-உடன் சேர்ந்த டாக்சி நிறுவனம் கம்ஃபர்ட்டெல்குரோவையும் தேர்ந்தெடுத்தது. வழித்தடம் வரையறுக்கப்பட்டது, தொடக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி உள்ளே இருப்பார். இயக்க வரம்பைச் சிறிதாக வைத்து மெல்ல விரிக்கும் வழி இது. எங்கும் ஒரே நாளில் என்ற டெஸ்லாவின் வழிக்கு நேரெதிர். எனக்கு இந்த நிதானத்தில்தான் நம்பிக்கை.

அடுத்த அறிக்கையில் எதைப் பார்ப்பது?

2025 நவம்பரில் டெஸ்லா பங்குதாரர்கள் மஸ்க்கிற்கு ஒரு ட்ரில்லியன் டாலர் வரை பெறுமானமுள்ள ஊதியத் திட்டத்தை ஏற்றனர். அதைப் பெற அவர் எட்ட வேண்டிய இலக்குகளில் 20 மில்லியன் கார்கள், 10 மில்லியன் எஃப்எஸ்டி சந்தாக்கள், ஒரு மில்லியன் ஓட்டுநரில்லா டாக்சிகள், ஒரு மில்லியன் மனித வடிவ ரோபோக்கள் ஆகியவை அடங்கும். பங்கின் விலைக்குள் எந்தெந்த எதிர்பார்ப்புகள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை நிறுவனமே எழுதிக் காட்டிய பட்டியல் அது.

காலாண்டு முடிந்த சில நாளில் விற்பனை எண்ணிக்கை வெளிவரும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முழுக் கணக்கு அறிக்கை. அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு வருவதால் நமக்கு அது விடியற்காலை. அக்காள் மகனுக்கு நான் சொன்னது இதுதான்: தலைப்புச் செய்தியில் விலை ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதற்கு முன், மொத்த லாப விகிதத்தைத் தேடு, ஒழுங்குமுறைப் புள்ளிகளைக் கழித்த பிறகு லாபம் எவ்வளவு நிற்கிறது என்று பார், எத்தனை நகரங்களில், உள்ளே ஊழியர் எவரும் இல்லாமல், கட்டணம் வாங்கி வண்டி ஓடுகிறது என்று பார், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று எங்கேனும் எழுதியிருக்கிறதா என்று பார்.

கேட்டுக்கொண்டிருந்த அத்தான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, டாக்சிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு மூன்று மணிக்கு ஷிஃப்ட்.